ஈவோனின் அக்டோபர்

ஈவோன் எந்த மாதத்தைச் சொன்னாலும் அதோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வின்யார்டு ஊர்த் தோட்டச் சங்கத்தில் புதிதாகச் சேரும் யாருக்கும் முதல் நாளே காதில் போடப்படும் பாடம் இது. நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தை விட்டு டாஸ்மேனியாவுக்குக் குடிவந்தவள், பெட்டி படுக்கையோடு அந்த ஊர் மாதங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏப்ரல்ல உருளைக்கிழங்கு நடு" என்பாள். கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணி அக்டோபரில் நடுவார்கள். நல்ல விளைச்சலும் எடுப்பார்கள். அவளுடைய தோட்ட அறிவில் யாரும் குறை சொல்ல முடியாது. மாதம்தான் தலைகீழ்: இங்கிலாந்தில் வசந்தம் வரும் ஏப்ரலில் டாஸ்மேனியாவில் இலை உதிரும்.

"கிறிஸ்துமஸ் மட்டும் உனக்கு எப்படி டிசம்பர்லயே வந்துடுது?" என்று பக்கத்து வீட்டு ரெஜ் வருடம் தவறாமல் கேட்பான். "உங்க ஊர்ல சூரியனே தப்பான பக்கமா போகுது. அதைப் போய்க் கேளு, என்னைக் கேக்காதே" என்பாள் அவளும் வருடம் தவறாமல்.

ரெஜ்ஜின் மனைவி நோலீனுக்கு ஆறைக் கூட்டுவது மூச்சு விடுவதைப் போல. முப்பது வருடமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று தேநீர் குடித்தவர்கள் அவர்கள். நோலீன் வெங்காயத்தாளும் டாலியாப் பூவும் வளர்ப்பவள். புல் என்றால் அவளைப் பொறுத்தவரை மெஷினால் வெட்டித் தள்ளுவது. அழகுக்காகப் புல் வளர்ப்பார்கள் என்பதையே ஈவோன் வீட்டில்தான் பார்த்தாள்.

அங்கே இருந்தது சாதாரணப் புல்லும் அல்ல. மிஸ்காந்தஸ் என்று கடையில் விற்கும் நாணல் சாதிதான். ஆனால் ஈவோன் தோட்டத்து மூலையில் தானாக முளைத்த ஒரு கன்று, வேறெங்கும் இல்லாத நிறத்தில் பூத்தது. ஆளுயரம் வளரும். மார்ச் கடைசியில் கதிர் விடும்போது கறுப்புத் திராட்சை ரசத்தின் சிவப்பு. மே மாதம் வெளுத்து வெள்ளியாகும். சாயங்கால வெயில் அதன் பின்னால் இறங்கும் நேரத்தில் நோலீன்கூட வெங்காயத்தாளை மறந்து நின்று பார்த்திருக்கிறாள். ஊரில் அதற்கு 'ஈவோன் சிவப்பு' என்று பெயர். விதை முளைத்தால் வேறு நிறம்தான் வரும். அதே புல் வேண்டுமென்றால் தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. ரோஜாக் குச்சி, ஐரிஸ் கிழங்கு என்று கேட்பவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கும் ஈவோன், இதை மட்டும் ஒரு வேர்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. "இது என் மண்ணுல வந்துச்சு, என்னோடயே போகும்" என்பாள். கஞ்சத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல வார்த்தை இல்லை.

இந்த மார்ச்சில் ஈவோன் இடுப்பு மூட்டு மாற்றும் அறுவைக்குப் போனாள். கிளம்பும் முன் ஒரு பச்சை அட்டை நோட்டை நோலீன் கையில் வைத்தாள்.

"மத்தது எப்படியாவது போகட்டும். பெரிய புல்லை மட்டும் மறந்துடாதே. நடு செத்துப்போச்சுடி. இந்த வருஷம் பிரிக்கலைன்னா ஓரமும் போயிடும்."

நோலீனும் அதைப் பார்த்திருந்தாள். வயதான புல் தூர் நடுவிலிருந்து சாகும். உயிர் ஓரத்துக்கு ஓடிவிடும். ஈவோனின் புல்லுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெறும் கட்டை. தோண்டி எடுத்து, நடுவை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளை நட வேண்டும். அவ்வளவுதானே.

ஆறு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டியவள் திரும்பவில்லை. புண்ணில் சீழ் பிடித்தது. மறுபடி அறுத்தார்கள். அதற்கப்புறம் ஹோபார்ட்டில் இருக்கும் மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் நோலீன் நோட்டைத் திறந்தாள். ரோஜாவும் புல்வெளியும் அவளுக்குத் தெரிந்த வேலை. அதனால் நேராகப் புல்லைப் பற்றி எழுதிய பக்கத்தைப் புரட்டினாள். 'பெரிய புல்: அக்டோபர் முதல் வாரம் பிரி. நடுவை எறி. ஓரம், கை அளவுத் துண்டு' என்று ஈவோனின் குச்சிக் கையெழுத்தில் இருந்தது. அக்டோபர். ஆறைக் கூட்டினாள். ஏப்ரல். அடேயப்பா, சரியான நேரத்தில் பார்த்தோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

தோட்டத்தில் போய் நின்றபோது கதிரெல்லாம் அப்போதுதான் சிவந்து தலையாட்டிக்கொண்டிருந்தது. பூத்து நிற்பதையா வெட்டுவது என்று மனசு ஒரு நொடி இடித்தது. ஈவோனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று அந்த இடியை ஒதுக்கினாள். மனசு சும்மா இடிப்பதில்லை. ஆனால் அதைக் கேட்கிறவர்கள் யார்?

ஒரு நாள் முழுக்க வேலை. தாளை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, கடப்பாரை போட்டு, ரெஜ் மரம் அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து, திட்டித் தீர்த்து, தூரைப் பிளந்தார்கள். செத்த நடு, குப்பைக் குவியலுக்குப் போனது. மூன்று துண்டைப் பழைய இடத்தில் நட்டாள். மிச்சம் பன்னிரண்டைத் தொட்டியில் வைத்தாள். ஒன்று தவறினாலும் ஒன்று இருக்கட்டுமே என்ற முன்ஜாக்கிரதை வேறு. இடுப்பு விட்டுப்போனாலும் சந்தோஷமாகவே தூங்கினாள். பிறகு குளிர்காலம் வந்தது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய வீடு. சாம்பல் நிறக் களிமண். ஜூன் முழுக்க மழை. துண்டுகள் பழுத்துக் காய்ந்தன. குளிரில் தூங்குகிறது என்று நோலீன் நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் மூன்றாம் தேதி ஈவோன் போன் பண்ணினாள். மருமகன் சமையலில் உப்பில்லை, மகள் குளிக்கவிடாமல் கதவருகே காவல் நிற்கிறாள் என்று அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்:

"வேலை ஆரம்பிச்சிட்டியா?"

"எந்த வேலை?"

"பெரிய புல்லுடி! முளை மூணு விரல் உயரத்துக்கு வந்திருக்குமே இப்போ. அதுதான் பதம். இந்த வாரம் விட்டா அப்புறம் வளந்து நின்னுடும்."

நோலீன் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது. "நோட்டுல அக்டோபர்னுதானே..."

"ஆமா, அக்டோபர். இது அக்டோபர்தானே? முதல் பக்கத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேன், படிச்சேன். சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

'நோலீனுக்கு. இதில் இருக்கிற எல்லா மாதத்தையும் உங்கள் ஊர்ப்படி திருப்பி எழுதியிருக்கிறேன். மூன்று நாள் பிடித்தது. நீ கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். உன் கணக்கு எப்படி என்று எனக்குத் தெரியும்.'

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது அவளுக்கு. நாற்பத்தோரு வருடம் யார் கிண்டலுக்கும் அசையாதவள், ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்திக்காக, உட்கார்ந்து ஒவ்வொரு மாதமாகத் திருப்பியிருக்கிறாள். அந்த ஒருத்தி அதைத் திரும்பவும் கவிழ்த்துவிட்டாள்.

தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறக் கூழ். அழுகின உருளைக்கிழங்கு மூட்டையின் நாற்றம். உருளைக்கிழங்கு விளையும் இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்த நாற்றத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தரையில் நட்ட மூன்றும் அப்படியே, கையோடு வந்தன. குப்பைக் குவியலைக்கூடக் கிளறினாள். உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக இருந்த புல், இப்போது ஒன்றுகூட இல்லை. படியில் உட்கார்ந்து அழுதாள்.

"புல்லுக்குப் போயா அழுவாங்க?" என்றான் ரெஜ். "கடையில சிவப்புக் கதிர்னு போட்டு ஒண்ணு விக்கறான். வாங்கி நட்டுடு. கிழவிக்குக் கண்ணும் மங்கிப்போச்சு."

"வாயை மூடு ரெஜ்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அவ கண்ணு மங்கினா அவ கை பார்க்கும். வாயை மூடுன்னேன்ல?"

ஆனால் அன்றிரவு படுக்கையில் புரளும்போது கடைப்புல் யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு ஞாபகமும் வந்தது. ஏப்ரலில், ஜாம் காய்ச்சுகிற பெரிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேட்டுத் தெருவில் கிளெண்டா வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புக்கு மேலே, சிவப்பாக ஒரு கதிர் எட்டிப் பார்த்தது. நோலீன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கிளெண்டாவும் அந்தப் பக்கமே நகர்ந்து மறைத்தாள். காற்றுக்கு ஒதுங்குகிறாள் என்று அப்போது நினைத்தாள்.

கிளெண்டாதான் சங்கத் தலைவி. அவளுக்கும் ஈவோனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. கிளெண்டாவின் ஹைட்ரேஞ்சாப் பூவைப் பார்த்து ஈவோன், "குளிக்கிற தொப்பி மாதிரி இருக்கு" என்று சொல்லப்போய் வந்த பகை. அதே வருடம் நவம்பரில், ஊராருக்கெல்லாம் ஈவோன் தோட்டத்தைத் திறந்துவிட்ட நாளில், தேநீர் மேசையிலிருந்து அவளுடைய ரொட்டிக் கத்தி காணாமல் போனது. பிடியில் நீலப் பட்டை சுற்றிய பழைய கத்தி. ஈவோன் இன்றைக்கும் அதைச் சொல்லி மாய்ந்துபோவாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நோலீன் மேட்டுத் தெருவில் ஏறினாள். வழியெல்லாம் துலிப் பூ பார்க்க வந்தவர்களின் கார்கள். அந்த மேட்டில் மண் செங்கல் சிவப்பு. செருப்பில் ஒட்டினால் ஒரு வாரத்துக்குப் போகாது.

"வா கண்ணு, கேக் இப்பதான் எடுத்தேன்" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்ற கிளெண்டாவிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஈவோன் புல்லை நான் கொன்னுட்டேன் கிளெண்டா. ஒரு துண்டு வேணும்."

"என்கிட்ட ஏது?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

கிளெண்டாவுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கேக்கை வெட்டினாள். வெட்டியதை மறுபடி வெட்டினாள். தட்டில் தூள்தான் மிஞ்சியது.

"நான் முதல்ல கேட்டேன்," என்றாள் கடைசியில். "எல்லார் முன்னாடியும், மரியாதையா கேட்டேன். 'உனக்கா?'ன்னு சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்சே."

நோலீனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சிரித்திருப்பாள். ஈவோன் சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

"எடுத்துட்டு வந்துட்டேன். என்ன சுகம் கண்டேன் சொல்லு? அது பூக்கற மாசம் பூரா ரோட்டுப் பக்கம் தெரியாம பெட்ஷீட்டா காயப்போட்டு மறைக்கறேன். துவைச்சதையே துவைக்கறேன். வீட்டுக்கு ஒரு ஆளைக் கூப்பிட முடியல. என் கொல்லையில இருக்கறதை நானே ஒளிஞ்சு நின்னு பாக்கறேன்."

பின்னால் போனார்கள். தொட்டிச் சுவரின் வெதுவெதுப்பில் புல் நன்றாகத் தூர் கட்டியிருந்தது. திருடிய செடிக்குச் சாவு கிடையாது என்று தோட்டக்காரர்கள் சும்மாவா சொல்கிறார்கள்? அறுத்த தட்டைகளுக்கு நடுவே, விளிம்பைச் சுற்றி, ஊதாச் சிவப்பில் முளைகள். மூன்று விரல் உயரம். நோலீன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏப்ரலில் பிரித்தபோது இந்த முளையைத் தேடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கிளெண்டா கொட்டகைக்குள் போய் ஒரு கத்தியோடு வந்தாள். புல் தூரை அறுக்க ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்திக்கு மிஞ்சிய ஆயுதம் இல்லை. பிடியில் நீலப் பட்டை. நோலீன் கத்தியைப் பார்த்தாள். நோலீன் பார்த்ததைக் கிளெண்டா பார்த்தாள். அவள் சட்டென்று குனிந்தாள். ஓரத்தில் மண்ணைத் தள்ளி, கறகறவென்று அறுத்து, ஏழு முளையோடு ஒரு துண்டைப் பிரித்தாள். வெள்ளை வேர்கள் சிவப்பு மண்ணை இறுகப் பிடித்திருந்தன.

"சத்தியம் பண்ணு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்னு. தெரிஞ்சா நான் சங்கத்துல தலை காட்ட முடியாது."

"சத்தியம்."

"உன் வாய்லேர்ந்து வரக் கூடாது."

"வராது கிளெண்டா."

நவம்பர் இரண்டாம் வாரம் ஈவோன் வந்து இறங்கினாள். நாலு கால் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, பாதியாக இளைத்து. மகள் பைகளை எடுப்பதற்குள் வீட்டுக்குள்கூடப் போகாமல் பக்கவாட்டு வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பினாள். நோலீன் பின்னாலேயே போனாள்.

நோலீன் பழைய இடத்திலேயே நட்டிருந்த புல் முழங்கால் உயரம் வந்திருந்தது. தாள்கள் வளைந்து, நடுவில் வெள்ளை நரம்போடு, நிமிர்ந்து நின்றன.

ஈவோன் வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "பரவாயில்லையேடி. கத்துக்கிட்டே. நான்கூடப் பயந்தேன், இது எங்கே குட்டிச்சுவராக்கப் போகுதோன்னு."

அங்கேயே விட்டிருக்கலாம். விஷயம் தானாகவே மூடிக்கொண்டிருந்தது, நோலீன் சும்மா இருந்தாலே போதும். ஆனால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. முப்பது வருடத்தில் ஈவோன் அவளைத் தோட்ட விஷயத்தில் பாராட்டுவது அதுதான் முதல் தடவை.

"இது உன்னோடது இல்ல ஈவோன். உன்னோடதை நான் கொன்னுட்டேன்."

"என்ன உளர்றே?"

"ஏப்ரல்லயே பிரிச்சேன். பூத்துட்டிருக்கறப்போ. முதல் பக்கத்தை நான் படிக்கல. அக்டோபர்னு பார்த்தேன், ஆறைக் கூட்டிட்டேன். எல்லாம் அழுகிப்போச்சு, பதினஞ்சு துண்டும். போன்ல பொய் சொன்னேன். என்னைத் திட்டு. என்ன வேணாலும் சொல்லு."

ஈவோன் திட்டவில்லை. நடைவண்டியில் இருந்த சின்ன இருக்கையை விரித்து மெதுவாக உட்கார்ந்தாள். "ஆறைக் கூட்டினியா," என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் திருப்பி எழுதினதுக்கு அப்புறமுமா" என்றாள். முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நோலீனுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் இருந்தது.

"அப்போ இது எங்கேர்ந்து வந்துச்சு? கடைப்புல் இல்ல இது. அது எனக்குத் தெரியும்."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஈவோன் நடைவண்டியில் மாட்டியிருந்த கைத்தடியை எடுத்து, தூருக்கு அடியில் மெல்லக் கிளறினாள். அவள் தோட்டத்துச் சாம்பல் களிமண்ணுக்கு நடுவே ஒரு கட்டி உருண்டு வந்தது. செங்கல் சிவப்பு. எடுத்து விரலில் நசுக்கினாள். விரல் சிவந்தது.

"மேட்டு மண்ணு," என்றாள்.

நோலீன் தரையைப் பார்த்தாள்.

"நீ வாயைத் திறக்கலை, உன் சத்தியம் பத்திரமா இருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும்டி. டாக்டர்கிட்டப் போற வழிதானே அது? வருஷா வருஷம் பெட்ஷீட்டுக்கு மேல எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக் கூட்டத்துல போட்டு உடைச்சு அவ மானத்தை வாங்கணும்னுதான் போவேன்."

"ஏன் உடைக்கல?"

"உடைச்சா அவமானத்துல பிடுங்கி எறிஞ்சிருப்பா. அது என்னோடதைவிட நல்லா வேற வளந்திருந்துச்சு. அதுதான் வயித்தெரிச்சல்." சிவந்த விரலைப் பாவாடையில் துடைத்தாள், போகவில்லை. "ஒருத்தருக்கும் குடுக்காம மூடி மூடி வெச்சேன் பாரு. நான் வெச்சிருந்தது செத்துப்போச்சு. திருட்டுப்போனதுதான் உயிரோட இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு நோலீன்."

அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. நோலீன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளிருந்து மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவளை டீக்குக் கூப்பிடு," என்றாள் ஈவோன் கடைசியில்.

"வர மாட்டா. பயப்படுவா."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லு. அவ ஹைட்ரேஞ்சாவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லு. அப்புறம், வரும்போது என் ரொட்டிக் கத்தியை எடுத்துட்டு வரச் சொல்லு. இது தூர் கட்டினதும் மூணாப் பிரிக்கணும். உனக்கொண்ணு, எனக்கொண்ணு, சங்கத்துக்கு ஒண்ணு. ரெண்டு வருஷம் போகட்டும். அக்டோபர்ல பிரிக்கலாம்."

நோலீன் நோட்டை எடுத்துவரவில்லை. ஆனால் இந்தத் தடவை விட்டுவிடக்கூடாது என்று கேட்டே விட்டாள்.

"யாரோட அக்டோபர் ஈவோன்?"

ஈவோன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "நம்ம ஊர் அக்டோபர்டி, மடச்சி. வேற எந்த அக்டோபர்?"